டிஃப்ராக்: எந்த டிஸ்குக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

ஹார்ட் டிஸ்கின் உள்ளே, கண்ணாடி போல் மின்னும் வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. அதன்மேல் படாமலேயே ஒரு மெல்லிய கை முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது, எழுதுகிறது. டிஃப்ராக் என்ற வேலையே இந்தக் கையின் அலைச்சலைக் குறைக்கத்தான் வந்தது.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில், டிஸ்கின் இடம் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுள்ள கிளஸ்டர்களாகப் பிரிந்திருக்கும். புது டிஸ்கில் ஃபைல்கள் அடுத்தடுத்து உட்கார்ந்துவிடும். நாளாக ஆக சிலவற்றை அழிக்கிறோம். நடுநடுவே காலி இடம் விழுகிறது. அடுத்து வரும் பெரிய ஃபைலுக்கு ஒரே இடத்தில் இடம் கிடைக்காவிட்டால், விண்டோஸ் அதைத் துண்டாக்கி, கிடைத்த சந்துகளில் எல்லாம் வைக்கிறது.

இதனால் எவ்வளவு நேரம் போகிறது? 4 மெகாபைட் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி அது 1,024 கிளஸ்டர். 7,200 சுற்று டிஸ்கில் கை சரியான இடத்துக்குப் போக ஏறக்குறைய 9 மில்லி செகண்ட் ஆகும். வேண்டிய பகுதி சுற்றிவர இன்னொரு 4 மில்லி செகண்ட். போட்டோ ஒரே தொடராக இருந்தால் இந்த 13 மில்லி செகண்டை ஒருமுறை கொடுத்தால் போதும். 100 துண்டாகச் சிதறியிருந்தால் காத்திருப்பு மட்டுமே 1.3 செகண்ட். அப்படிச் சிதறிய 100 கல்யாணப் படங்களை பென் டிரைவில் ஏற்ற வேண்டுமென்றால், கை அலைவதிலேயே 2 நிமிடம் கரைந்துவிடும்.

இப்படிச் சிதறிய துண்டுகளை மறுபடி ஒன்றாகச் சேர்ப்பதுதான் டிஃப்ராக். 1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6-லேயே அது இருந்தது. சைமன்டெக் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. விண்டோஸ் 95, 98 காலத்தவர்களுக்கு, டிஃப்ராக் ஓடும்போது திரையில் தெரிந்த அந்தக் கலர் கட்டங்கள் மறந்திருக்காது. வேலை ஓடும்போது வேறொரு புரோகிராம் டிஸ்கில் எதையாவது எழுதிவிட்டால், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்கிரீன் சேவரை நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கப்போனவர்கள் உண்டு. விண்டோஸ் விஸ்டாவில் கட்டங்கள் போய்விட்டன. வாரம் ஒருமுறை அது தானாகவே ஓடும்படி அமைத்தார்கள். 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை அப்படியே விட்டுவிடவும் செய்தார்கள். அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், கை ஒருமுறை நகரும் நேரம் ஒன்றுமே இல்லை. நல்ல முடிவு அது.

பிறகு எஸ்எஸ்டி வந்தது. அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஃபைல் எத்தனை துண்டானாலும் படிக்கும் வேகம் பெரிதாகக் குறையாது. அதோடு, அதன் நினைவுச் செல்களில் குறிப்பிட்ட தடவைதான் எழுத முடியும். பழைய டிஃப்ராக் மென்பொருளைத் தேடிப்பிடித்து எஸ்எஸ்டியில் ஓட்டுவது அதன் ஆயுளைத்தான் தின்னும். விண்டோஸ் 8-லிருந்து இந்த வசதிக்கு ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று பெயர். டிஸ்க் எந்த வகை என்று பார்த்து, ஹார்ட் டிஸ்க் என்றால் துண்டுகளைச் சேர்க்கும். எஸ்எஸ்டி என்றால் ‘ட்ரிம்’ கட்டளை அனுப்பி, அழித்த ஃபைல்களின் இடம் இனி தேவையில்லை என்று தெரிவிக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் ‘டிஃப்ராக்’ என்று டைப் செய்தால் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஜன்னல் திறக்கும். டிரைவின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் வகை எழுதியிருக்கும். முதலில் அதைப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் விண்டோஸிடமே விட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால், தானாக ஓடும் வசதி ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். டிஸ்க் நிரம்பி வழிந்தால் துண்டுகளை நகர்த்திவைக்க இடம் இருக்காது. வேண்டாத வீடியோக்களை முதலில் அழிக்க வேண்டும்.

டிஸ்கில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால், அல்லது ஃபைல்கள் திறக்காமல் எரர் வந்தால், டிஃப்ராக் பக்கமே போகக் கூடாது. மணிக்கணக்காகப் படித்து எழுதும் அந்த வேலை, போய்க்கொண்டிருக்கும் டிஸ்கை ஒரேயடியாக முடித்துவிடலாம். அப்போது முதல் வேலை, படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்குக்கு காப்பி செய்வதுதான்.