புத்தக அலமாரிக்கு ஒப்பனை

1666-ஆம் ஆண்டு கோடைக்காலம். லண்டனில் கடற்படை அலுவலகத்து அதிகாரியான சாமுவேல் பீப்ஸின் வீட்டில் புத்தகங்கள் பெருகி, நாற்காலிகளின் மேல் ஒன்றன்மீது ஒன்றாக ஏறிவிட்டன. நாட்குறிப்பு எழுதியே வரலாற்றில் இடம்பிடித்த மனிதர் அவர். சிம்சன் என்ற தச்சரை வரவழைத்து, கண்ணாடிக் கதவு போட்ட ஓக் மர அலமாரிகளைச் செய்யச் சொன்னார். ஒன்றிரண்டில் தொடங்கிய அந்த வேலை பன்னிரண்டு அலமாரி, 3,000 புத்தகம் என்ற கணக்கில் போய் நின்றது. கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரியில் இன்றைக்கும் அவற்றைப் பார்க்கலாம்.

பீப்ஸ் புத்தகங்களை அடுக்கியது பொருள்வாரியாக அல்ல, உயரவாரியாக. ஆகக் குள்ளமானதற்கு 1-ஆம் எண், ஆகப் பெரியதற்கு 3,000. அதிலும் திருப்திப்படாமல், வரிசையில் கொஞ்சம் உயரம் குறைந்த புத்தகங்களுக்கு அடியில் வைக்கச் சின்னச் சின்ன மரக்கட்டைகள் செய்துகொண்டார். மேல்விளிம்பு ஒரே கோடாகத் தெரிய வேண்டுமாம்! எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனியாகப் பட்டியல் போட வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. நூல் என்பது பயன்படுத்துவதற்காகவே என்பது முதல் விதியின் சாரம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது கடைசி விதியின் சாரம். பொது நூலகங்களுக்காக எழுதப்பட்டவைதான். ஆனால் கூடத்து மூலையில் நிற்கும் அலமாரிக்கும் இந்த இரண்டு போதும். கை நீட்டினால் எடுக்க வரவேண்டும். அடுத்த புத்தகக் காட்சியில் வாங்கப்போகிறவற்றுக்கு இப்போதே இடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் கால்வாசியைக் காலியாக விட்டால் பார்வைக்கும் நெரிசல் குறையும். அலமாரியை அழகாக்கச் செலவில்லாத வழி இதுதான்.

நம் பழைய வீடுகளின் சுவர் அலமாரிகளில் கடப்பாக் கல் தட்டுகள் இருக்கும். ஓர் அடி, ஒன்றரை அடி ஆழம் சாதாரணம். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அளவு: ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். ஆகவே முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று அடுக்கிவிடுகிறோம். பின்வரிசையில் போனது போனதுதான். அதே புத்தகத்தை மறுபடி காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர். இங்கேதான் பீப்ஸின் கட்டை உதவிக்கு வருகிறது. பின்பக்கத்தில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு பலகைத் திண்டு போட்டு அதன்மேல் பின்வரிசையை நிறுத்தினால், தலைப்புகள் எட்டிப் பார்க்கும். கொலுப்படிக்குப் பலகை அடுக்கத் தெரிந்த வீட்டில் இது பெரிய வேலையில்லை. சுவரில் ஓதம் இருந்தால் மட்டும் புத்தகங்களைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும்.

புதிதாக அலமாரி செய்கிறவர்கள் நிறத்தைப் பற்றி யோசிக்கிற அளவுக்குப் பலகையின் நீளத்தைப் பற்றி யோசிப்பதில்லை. நெருக்கமாக அடுக்கிய புத்தகம் ஓர் அடி நீளத்துக்கே ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து கிலோ இருக்கும். பலகையும் ஓர் அடிக்கு ஏறும் சுமையும் ஒன்றாகவே இருக்க, தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையிலான தூரம் மட்டும் இரண்டு மடங்கானால், நடுவில் தொய்வது பதினாறு மடங்காகும். 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு என்றால் இரண்டரை அடிக்கு ஒரு தடுப்பு கொடுத்துவிடுவது நல்லது. நடுவில் வளைந்த தட்டில் எந்தப் பொம்மையை வைத்தாலும் எடுபடாது.

சமூக ஊடகப் படங்களில் இப்போது இரண்டு பாணிகளை அடிக்கடி பார்க்க முடிகிறது. ஒன்று, முதுகுகளை நிறவாரியாக வானவில்போல் அடுக்குவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து பாகமும் ஐந்து பதிப்பகத்தில் வாங்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து திசைக்குப் போய்விடும். மற்றது, முதுகை உள்ளே தள்ளித் தாள் விளிம்பை வெளியே காட்டுவது. புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் அப்படித்தான் வைத்தார்கள். சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் கோக்கப்பட்டிருந்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் ஏதும் கிடையாது.

தமிழ் அலமாரிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒல்லியான கவிதைத் தொகுப்புகள், பின் அடித்த சிறுபத்திரிகைகள் ஆகியவற்றுக்கு முதுகில் தலைப்பே இருக்காது. கனமான நாவல்களுக்கு நடுவே செருகினால் காணாமல் போகும். இவற்றைப் படுக்கவைத்து அடுக்கி, மேலே உள்ளதை மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கலாம். நல்ல ஓவியம் போட்ட அட்டையாக இருந்தால் முகம் தெரிய நிறுத்தியே வைக்கலாம்.

வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு வீட்டில் இருந்தால், கண்மட்டத் தட்டு அதற்குத்தான். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் மணியம் ஓவியங்களோடு வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை அப்படிச் சேர்த்து வைத்த குடும்பங்கள் உண்டு. காலிகோ முதுகும் கையெழுத்துத் தலைப்புமாக நிற்கும் அந்தத் தொகுப்புக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய எந்த அலங்காரப் பொருளும் நிற்க முடியாது.

மற்றபடி, புத்தகம் சாயாமல் முட்டுக்கொடுக்கப் பழைய இரும்புப் படிக்கல் போதும். இரண்டு கிலோ, ஐந்து கிலோ கற்கள் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, அடியில் துணி ஒட்டினால் முடிந்தது. பித்தளைப் படி, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, செட்டிநாட்டுக் கொட்டான் என்று ஒரு தட்டுக்கு ஒன்று வைத்தால் கண்ணுக்கு இதம். மூன்று வைத்தால் அது கடை. மணி பிளான்ட்டை மேல்தட்டில் வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. தண்ணீர் ஊற்றும்போது வழிவது கீழே இருக்கும் புத்தகங்களில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, செடியைப் பக்கத்து ஸ்டூலுக்கு மாற்றிவிடலாம்.

வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். எஞ்சுவது நீலம் பாய்ந்த அட்டை. கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும், ஆனால் கடலோர ஊர்களின் ஈரக் காற்றையும் உள்ளே பூட்டிவைக்கும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து வைத்து, மூலையில் துணியில் முடிந்த வசம்பைப் போட்டால் இராமபாணப் பூச்சி கொஞ்சம் விலகியிருக்கும். முழுத் துப்புரவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. சரஸ்வதி பூஜைக்கு எப்படியும் புத்தகங்களை இறக்குகிறோம். நாலைந்தை மட்டும் பூஜையில் வைக்காமல் மொத்தத்தையும் இறக்கித் துடைத்து, புது வரிசையில் ஏற்றலாம்.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அடித்தட்டு அவர்களுக்கு. அங்கே ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மேல்தட்டுப் புத்தகத்துக்கு ஆசைப்பட்டு, தட்டுகளையே படியாக்கி ஏறுவார்கள். கனமான புத்தகங்களைக் கீழே வைத்து, இடுப்புயரத்தைத் தாண்டிய எந்த அலமாரியையும் இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கிவிட வேண்டும். வாடகை வீடென்றால் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.