மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை... மணமகளுக்கு எப்போது விசா? கல்யாணத் தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

கல்யாணம் முடிந்து மூன்றே வாரம். மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் மாப்பிள்ளை கையசைத்துவிட்டு உள்ளே போகிறார். "ரெண்டே மாசம்... விசா வந்ததும் கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். பொண்ணு வேலையை ராஜினாமா பண்ணியாச்சு. பெட்டியில் பருப்புப்பொடி வரைக்கும் எடுத்து வைத்தாச்சு. ரெண்டு மாசம் நாலு மாசமாகிறது. ஆடி போய் ஆவணி வந்து, தலை தீபாவளியும் வந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

பெரும்பாலும் இதில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று சம்பளம் கேட்டோம், ஜாதகம் பார்த்தோம், சொந்த வீடா வாடகையா என்றுகூட விசாரித்தோம். ஒரே ஒரு கேள்வியைத்தான் விட்டுவிட்டோம். "தம்பி, நீங்க அங்கே எந்த விசாவுல இருக்கீங்க?"

'அமெரிக்க மாப்பிள்ளை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் ஹெச்-1பி மாப்பிள்ளை, கிரீன் கார்டு மாப்பிள்ளை, குடியுரிமை மாப்பிள்ளை என மூன்று பேரும் வேறு வேறு. உங்கள் மகள் எப்போது கிளம்புவாள், போன இடத்தில் வேலை பார்க்கலாமா, பிரச்னை என்றால் தனியாக நிற்க முடியுமா... எல்லாமே இதை வைத்துத்தான். மணமகள் அங்கே, மாப்பிள்ளை இங்கே என்றாலும் விதிகள் இதேதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹெச்-1பி மாப்பிள்ளை: சீக்கிரம் போகலாம், வேலைக்குப் போக முடியாது

வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது ஹெச்-4. மூன்று வழிகளில் பொதுவாகச் சீக்கிரம் முடிவது இதுதான். கணவர் தனியாக மனு போட வேண்டியதில்லை. மனைவியே டி.எஸ்-160 படிவத்தை ஆன்லைனில் நிரப்பி, 205 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, நம் ஜெமினி மேம்பாலம் பக்கத்திலிருக்கும் தூதரகத்திலேயே நேர்காணலுக்குப் போகலாம். கல்யாணச் சான்றிதழ், கணவரின் ஐ-797 அனுமதிக் கடிதம், அவருடைய சமீபத்திய சம்பள ரசீதுகள் கையில் இருக்க வேண்டும்.

2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். கணக்கைப் 'பப்ளிக்'கில் வைக்கச் சொல்கிறார்கள். அதனால் நேர்காணல் தேதிகள் தள்ளிப்போவதும் நடக்கிறது. தேதி உறுதியாகும் முன் வேலையை விடாதீர்கள், டிக்கெட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்தது முக்கியமான விஷயம். ஹெச்-4ல் போனவர் படிக்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம், கார் ஓட்டலாம். ஆனால், சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 2015-ல் வந்த விதிப்படி, கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு அனுமதிக்கப்பட்டிருந்தாலோ, கிரீன் கார்டு நடைமுறையில் இருப்பதால் அவரது ஹெச்-1பி ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருந்தாலோதான் மனைவி இ.ஏ.டி எனும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். எனவே, இங்கே நல்ல வேலையில் இருக்கும் பெண் கேட்க வேண்டிய கேள்வி, "உங்க ஐ-140 அப்ரூவ் ஆயிடுச்சா?" என்பதுதான். கேட்பதில் கூச்சமே வேண்டாம். 

மாப்பிள்ளை எல்-1 விசாவில் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. எல்-2ல் போகும் மனைவி தனி அனுமதி வாங்காமலே வேலை பார்க்கலாம்.

குடியுரிமை பெற்றவர்: தாமதமாகும், ஆனால் உறுதியானது

அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு வருடாந்தர ஒதுக்கீடு கிடையாது. அதாவது, இத்தனை பேருக்குத்தான் விசா என்ற உச்சவரம்பு அவருக்கு இல்லை. போய் இறங்கும் நாளிலேயே நிரந்தரக் குடியிருப்பு உரிமை. மறுநாளே வேலை தேடலாம்.

ஆனால், படிகள் அதிகம். முதலில் கணவர் அங்கிருந்து ஐ-130 மனு போடுகிறார். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். அது அனுமதியானதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே 325 டாலரும் 120 டாலரும் தனித்தனியாகக் கட்டி, டி.எஸ்-260 படிவம், சான்றிதழ்கள், கணவரின் வருமான உறுதிமொழி எல்லாவற்றையும் பதிவேற்ற வேண்டும். பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல் பரிசோதனை, தடுப்பூசிகள், பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ். நேர்காணல் பெரும்பாலும் சென்னையில் இல்லை, மும்பையில். எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சகஜம்.

வருமான உறுதிமொழி என்பது ஐ-864 படிவம். 'என் மனைவி அரசு உதவித்தொகையை நம்பி வாழ மாட்டார், நான் பார்த்துக்கொள்வேன்' என்று கணவர் அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுப்பது. அங்குள்ள வறுமைக்கோட்டு அளவைவிட 25 சதவிகிதம் கூடுதலாக அவருக்கு வருமானம் இருக்க வேண்டும். 2025 கணக்கில், இரண்டு பேர் குடும்பத்துக்கு இது வருடத்துக்குச் சுமார் 26,437 டாலர். பற்றாக்குறை என்றால் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். 'பேருக்கு ஒரு கையெழுத்துதானே' என்று சொந்தக்காரர்கள் யாரும் போட்டுவிடக் கூடாது. விவாகரத்தே ஆனாலும் இந்தப் பொறுப்பு முடியாது. மனைவி குடியுரிமை வாங்கும் வரையோ, சுமார் பத்து வருட வேலைக்கணக்கு சேரும் வரையோ தொடரும்.

கிரீன் கார்டு மாப்பிள்ளை: இங்கேதான் கவனம்!

'கிரீன் கார்டே வாங்கிட்டார், ஹெச்-1பி-யைவிட பெரிய ஆள்' என்று நினைக்கிறோம். மனைவியை அழைத்துப்போகும் விஷயத்தில் நிலைமை தலைகீழ். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி ஹெச்-4 வாங்க முடியாது. எஃப்2ஏ என்ற பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. ஐ-130 மனு போய்ச் சேர்ந்த நாள்தான் உங்கள் வரிசை எண். மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினில் உங்கள் தேதி வரும் வரை காத்திருக்க வேண்டும். இது வருடக்கணக்கில் போகலாம். நடுவில் கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால் அந்த மனுவே குடிமகனின் மனைவி பிரிவுக்கு மாறிவிடும், வரிசை தீர்ந்தது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலை மூலம் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவருக்கு, கார்டு அனுமதியாகும் முன்பே கல்யாணம் நடந்திருந்தால், மனைவி அந்த விண்ணப்பத்தின் துணையாகவே கருதப்படுவார். எஃப்2ஏ வரிசையே வேண்டாம். பின்னால் தனியாக வந்து சேர்ந்துகொள்ளவும் வழி உண்டு. அதுவே கார்டு அனுமதியான மறுநாள் தாலி கட்டினால், மனைவி புதிதாக வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஒரே நாள் வித்தியாசம், சில வருடப் பிரிவு!

'அப்போ எல்லாருமே முன்கூட்டியே கல்யாணம் பண்ணிக்கலாமே' என்று அவசரப்படக் கூடாது. பெற்றோர் கிரீன் கார்டு வைத்திருந்து, 'திருமணமாகாத மகன்', 'திருமணமாகாத மகள்' என்ற பிரிவில் காத்திருப்பவர் என்றால் கதையே வேறு. கார்டு வரும் முன் கல்யாணம் செய்தால் அந்த மனுவே செல்லாமல் போய்விடும். அதனால்தான், கிரீன் கார்டு வருகிற நிலையில் இருப்பவர் என்றால், முகூர்த்தம் குறிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. மண்டபம் அட்வான்ஸைவிட அது சின்னச் செலவுதான்.

"டூரிஸ்ட் விசாவுல போய்ட்டு அங்கேயே மாத்திக்கலாமே?"

ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒரு சித்தப்பா இந்த யோசனையைச் சொல்வார். தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்றுலா விசா என்பது, திரும்பி வருவேன் என்று சொல்லி வாங்குவது. கணவர் அங்கே நிரந்தரமாக இருக்கும்போது, 'சும்மா பார்த்துட்டு வர்றேன்' என்றால் அதிகாரி நம்புவது கஷ்டம். தங்கும் எண்ணத்தை மறைத்துப் போனது தெரிந்தால், அது பொய்த் தகவலாகப் பதிவாகி, நிரந்தரமாகவே அமெரிக்கா போக முடியாத நிலை வரலாம். நாலு மாதத்தை மிச்சம் பிடிக்கப்போய் நாற்பது வருடத்தைத் தொலைக்கும் வேலை.

தாலி கட்டினால் போதாது, பதிவும் வேண்டும்

எந்த வழியில் போனாலும் முதல் காகிதம் கல்யாணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள். ஆனால், மாப்பிள்ளையின் லீவோ மூன்று வாரம்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் நேரில் நிற்க வேண்டும். எனவே மறுவீட்டு விருந்து, குலதெய்வக் கோயில் என்று நாட்கள் ஓடும் முன் பதிவுக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த தலைவலி, நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் வேறு எழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று வந்துவிடும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமம் முதல் வங்கி வரை அந்த எஃப்.என்.யூ துரத்தும். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் சரியாக நிரப்பிக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனதால் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கிரீன் கார்டு வழியில் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருடையதில் 'குழந்தையின் பெயர்' என்ற இடம் காலியாகவே இருக்கும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ பெயரைச் சேர்க்க அலைய நேரம் பிடிக்கும். முதலில் அதை முடியுங்கள்.

நிஜமான கல்யாணம்தான் என்று எப்படிக் காட்டுவது?

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் கணவனும் மனைவியும் பழகியதே சில மாதங்கள்தான். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். நிச்சயதார்த்தப் புகைப்படங்கள், பத்திரிகை, இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படங்கள், மண்டப ரசீது, சேர்ந்து போன பயண டிக்கெட்டுகள், வீடியோ கால் பதிவுகளின் பட்டியல், பணம் அனுப்பிய விவரம், காப்பீட்டில் நாமினியாகச் சேர்த்தது... இவை எல்லாமே சாட்சி. ஸ்டேஜில் எடுத்த ஆல்பத்தைவிட, அப்பா அம்மாவோடு சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரணப் படமும் நன்றாகப் பேசும்.

நேர்காணலில் தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லுங்கள். கணவரின் நிறுவனம், பதவி, ஊர், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது விசாவுக்கு மட்டுமல்ல, வாழ்க்கைக்கே நல்லதல்ல!

போய்ச் சேர்ந்த பிறகு

குடிமகனின் மனைவியாகப் போகும்போது கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதிருந்தால், இரண்டு வருடத்துக்கான நிபந்தனை கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடியும் முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனு போட வேண்டும். மறந்தால் உரிமையே போய்விடும். ஃபோனில் இன்றே நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும். 'நான் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்கு விசா' என்று மிரட்டும் வீடுகளும் இருக்கின்றன. மணமுறிவோ வன்முறையோ நடந்திருந்தால், கணவரின் கையெழுத்து இல்லாமல் மனைவி தனியாகவே ஐ-751 போடலாம். குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரால் துன்புறுத்தப்படும் மனைவி, கணவருக்குத் தெரியாமலே தனக்காக மனு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. ஹெச்-4ல் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஆனாலும் வேலை அனுமதி கேட்க ஏற்பாடு உண்டு. அவசரத்துக்கு 911. குடும்ப வன்முறை உதவிக்கு 1-800-799-7233.

எனவே பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், ஐ-797 நகல், படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தன் பெயரில் இருக்கும் மின்னஞ்சலில் பெண் வைத்திருக்கட்டும். அசல் பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கட்டும். இது சந்தேகம் அல்ல. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடுவது மாதிரி.

தேதி குறிக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இப்போது எந்த விசா அல்லது கார்டு? எப்போது முடிகிறது?
2. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தாச்சா? எந்தப் பிரிவில்? ஐ-140 நிலை என்ன?
3. மனைவி அங்கே வேலை பார்க்க முடியுமா? எப்போதிலிருந்து?
4. லீவில் கல்யாணப் பதிவுக்கு எந்த நாள்?
5. விசா தாமதமானால் பொண்ணு எங்கே இருப்பாள், வேலையைத் தொடர்வாளா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற மாப்பிள்ளை என்றால் பாதி கவலை தீர்ந்தது. கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவது பொருத்தமாக இந்த விசா பொருத்தத்தையும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பத்திரிகை அடிக்கக் கொடுங்க!