காளான் வித்து நல்லதா? அகார் தட்டில் பார்க்கலாம்

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர் வட்டாரத்தில், காளான் வளர்ப்பை வீட்டோடு செய்யும் துணைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புவோர் உண்டு. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள பூலாம்பாடி போன்ற ஊர்களில், கொஞ்சம் நெல் வைக்கோலும் ஒரு கீற்றுக் கொட்டகையும் தண்ணீர் வசதியும் இருந்தால் சிப்பிக்காளான் போடலாம். வெயில் காலத்தில் பால் காளான் போடலாம். இவற்றை வளர்க்கும் முறை பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். படுக்கை போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பற்றி இங்கே பார்ப்போம்.

வைக்கோலை ஊற வைத்து, வேக வைத்து, உலர்த்தி, வித்து தூவிப் படுக்கை கட்டித் தொங்கவிடுகிறோம். பத்தாம் நாள் பார்த்தால் பைக்குள் பச்சைத் திட்டு தெரிகிறது. வைக்கோல் சரியாக வேகவில்லையா, கட்டியவர் கை சுத்தமில்லையா, வாங்கி வந்த வித்தே கெட்டதா? வித்து கொடுத்தவர் வைக்கோலைக் குறை சொல்வார். வளர்த்தவர் வித்தைக் குறை சொல்வார். 100 பை போட்டவருக்கு 30 பை பச்சை பிடித்தால் வைக்கோல், விறகு, வித்து, கூலி எல்லாம் நஷ்டம். அதைவிட, மறு தடவையும் அதே தவறு நடக்கும். காரணம் தெரியவில்லை அல்லவா!

இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடியது அகார் தட்டு. வித்திலிருந்து நாலைந்து தானியத்தை எடுத்து அகார் தட்டில் வைத்தால், பையில் பத்து நாளில் தெரியும் கோளாறு இதில் மூன்று நான்கு நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்குள் படுக்கை கட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அகார் என்பது என்ன?

பலகாரக் கடையிலும் மளிகைக் கடையிலும் சைனா கிராஸ் என்று விற்கிறார்களே, அதுதான் அகார். கடலில் விளையும் சில வகைப் பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இதற்கு மூலப்பொருள். இவற்றிலிருந்து அகார் எடுக்கும் தொழில் மதுரைப் பக்கம் நடந்து வருகிறது.

இதை ஆராய்ச்சிக் கூடத்திற்குக் கொண்டுபோனது ஒரு சமையலறை அனுபவம். ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானியின் கூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர்களை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்தார். கோடை வந்தால் ஜெலட்டின் உருகி ஓடியது. 1881இல் அவர் மனைவி ஃபேனி, தாம் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்திடம் அவர் கற்றது அது. 1887இல் ஜூலியஸ் பெட்ரி மூடியுள்ள வட்டத் தட்டைச் செய்தார். இன்றும் அதற்குப் பெட்ரி தட்டு என்றே பெயர். அகாரின் சிறப்பு, 40 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறுகிவிட்டால் மறுபடி உருகுவதற்கு சுமார் 85 டிகிரி வேண்டும். நம் கத்திரி வெயில் அதை ஒன்றும் செய்யாது.

ஊடகம் தயாரித்தல்

அகாரில் மட்டும் பூசணம் வளராது. சத்து வேண்டும். அதற்கு உருளைக்கிழங்குச் சாறும் குளுக்கோசும் போதும். அரை லிட்டர் அளவுக்குக் கணக்கு இது: தோல் சீவிய உருளைக்கிழங்கு 100 கிராம், வாசனை சேராத குளுக்கோஸ் பொடி 10 கிராம், அகார் தூள் 10 கிராம். கிழங்கைச் சிறு துண்டாக நறுக்கி 20 நிமிடம் வேக வைக்க வேண்டும். மசிக்கக் கூடாது, மசித்தால் ஊடகம் கலங்கிவிடும், பிறகு அதில் வளர்வதைப் பார்ப்பது கஷ்டம். சாற்றை வெள்ளைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து மறுபடி அரை லிட்டர் ஆக்கவும். குளுக்கோசும் அகாரும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறி, கட்டியில்லாமல் கரைக்கவும். கடையில் நாடா நாடாக விற்கும் அகாராக இருந்தால் இறுகும் தன்மை கூடக் குறைய இருக்கும். ஒரு கரண்டி எடுத்து ஆற வைத்துப் பார்த்து, தளதளவென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். சர்க்கரையும் சாயமும் கலந்து டப்பாவில் வரும் ஜெல்லிப் பொடி இதற்கு உதவாது.

இதைக் கண்ணாடிப் பாட்டில்களில் பாதி உயரத்துக்கு ஊற்றி, பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் சுற்றி நூலால் கட்டவும். வீட்டுப் பிரஷர் குக்கரில் அடியில் தாங்கி ஒன்று போட்டு, முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டுப் பாட்டிலை நிறுத்தவும். காகிதத்தில் பொதிந்த கண்ணாடித் தட்டுகளையும் இதேபோல் வைத்து எடுக்க வேண்டும். வெயிட் எழும்பிய பிறகு தீயைத் தணித்து 30 நிமிடம் வைக்கவும். வெறுமனே கொதிக்க வைத்தால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் சாகாது. குக்கரின் அழுத்தத்தில் நீராவிச் சூடு 121 டிகிரியை ஒட்டி ஏறுவதால்தான் அவை சாகின்றன. அடுப்பை அணைத்ததும் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்க வேண்டாம். பாட்டிலுக்குள் அகார் பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி உள்ளே போகும்.

பாட்டிலை உள்ளங்கையில் பிடித்தால் சூடு தாங்கும் பதம் வந்ததும் தட்டுகளில் ஊற்றலாம். ஒரு தட்டுக்கு 15 முதல் 20 மில்லி போதும். அரை லிட்டருக்கு சுமார் 25 தட்டு வரும். மிகவும் சூடாக ஊற்றினால் மூடியின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டும். பெட்ரி தட்டு கிடைக்காதவர்கள் வாய் அகன்ற சிறு கண்ணாடிப் பாட்டில்களில் அகாரை முதலிலேயே ஊற்றி, மூடியைத் தளர்த்தி, குக்கரில் வைத்து எடுத்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன். ஊற்றும் நேரத்தில் நடக்கும் தவறு இதில் இல்லை.

ஊற்றிய தட்டுகளை உடனே பயன்படுத்தாமல் மூன்று நாள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். ஒன்றும் வைக்காத தட்டிலேயே ஏதாவது முளைத்தால் குக்கர் வேலை சரியில்லை என்று அர்த்தம். அந்தத் தொகுதியைக் கழித்துவிட வேண்டும்.

முதல் சோதனை

வித்தைத் தொடுவதற்கு முன் நான்கு தட்டுகளைத் தியாகம் செய்யுங்கள். ஒன்றை மாட்டுக் கொட்டகையிலும், ஒன்றை வைக்கோல் போர் பக்கத்திலும், ஒன்றை மின்விசிறி ஓடும் அறையிலும், ஒன்றைக் கதவு சன்னல் சாத்திக் காற்று அடங்கிய அறையிலும் பத்து நிமிடம் திறந்து வைத்து மூடவும். நான்கு நாள் கழித்து வரிசையாக வைத்துப் பார்க்கவும். வைக்கோல் பக்கம் வைத்த தட்டில் பச்சையும் கறுப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும். சாத்திய அறைத் தட்டில் அவ்வளவு இராது. "சுத்தமாகச் செய்யுங்கள்" என்று பயிற்சியில் பத்துத் தடவை சொல்வதை இந்த நான்கு தட்டும் ஒரே தடவையில் சொல்லிவிடும்.

இனி வேலை செய்ய ஓர் இடம் வேண்டும். கண்ணாடி போன்ற பெரிய பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இரு கை நுழையும் அளவு ஓட்டை போட்டால் போதும். ஏழு பங்கு ஸ்பிரிட்டுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து உட்புறத்தையும் கைகளையும் துடைக்கவும். ஸ்பிரிட் ஆவி பெட்டிக்குள் நிற்கும்போது விளக்கை உள்ளே கொண்டுபோனால் தீப்பற்றும். ஊசியையும் இடுக்கியையும் பெட்டிக்கு வெளியே விளக்கில் பழுக்கக் காய்ச்சி, பிறகே உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். கையில் ஸ்பிரிட் ஈரம் இருக்கும்போது விளக்கருகே போகக் கூடாது.

வித்தைச் சோதித்தல்

வித்துப் பையின் வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, சுத்தமான இடுக்கியால் ஒரு தட்டுக்கு நான்கு தானியம் வீதம் இடைவெளி விட்டு வைக்கவும். பையின் மேல்புறம், நடு, அடி ஆகிய மூன்று இடத்திலிருந்தும் தனித்தனித் தட்டில் வைப்பது நல்லது. தட்டின் விளிம்பை ஒட்டும் நாடாவால் சுற்றி, தேதி எழுதி, வீட்டில் தண்ணீர்ப் பானை இருக்கும் குளிர்ந்த மூலையில் வைக்கவும். சிப்பிக்காளானுக்கு 25 முதல் 28 டிகிரி ஏற்றது. பால் காளான் 30 டிகிரியிலும் நன்றாக வளரும், ஆனால் கொஞ்சம் நிதானமாக.

நல்ல வித்தாக இருந்தால் ஒவ்வொரு தானியத்தைச் சுற்றியும் வெண்ணிற இழை வட்டமாகக் கிளம்பி, நாளுக்கு நாள் ஒரே சீராக விரியும். சிப்பிக்காளான் ஒரு வாரம் பத்து நாளில் தட்டை நிரப்பிவிடும். தானியத்தைச் சுற்றி ஈரமாக, பளபளப்பாக, சந்தனக் குழம்பு போல் படர்ந்தால் அது பாக்டீரியா. திறந்தால் புளித்த வாடை வரும். கரித்தூள் தூவியதுபோல் இருந்தால் கறுப்புப் பூசணம். ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரிப் பொங்கினால் அந்தத் தட்டை வீட்டுக்குள் திறக்கவே கூடாது; அதன் வித்து காற்றில் பறந்து எல்லாவற்றிலும் ஏறிவிடும். நான்கு தானியமும் சும்மா கிடந்தால் வித்து வெயிலில் வெந்தோ, வயதாகியோ செத்துவிட்டது.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணம் முதலில் வெள்ளையாகத்தான் வரும். காளான் இழையைவிட வேகமாக ஓடும். "ஆகா, இரண்டே நாளில் தட்டு நிறைகிறதே" என்று மகிழ்ந்திருக்கும்போது நடுவில் பச்சை கட்டும். அதனால் வேகத்தை மட்டும் பார்த்து நல்ல வித்து என்று முடிவு செய்யக் கூடாது. ஐந்து நாளாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். இதே டிரைக்கோடெர்மாதான் பருத்தி, பயறு வகைகளில் வேரழுகலைத் தடுக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கச் சொல்லும் உயிர்ப் பூசணக்கொல்லி. காட்டில் நண்பன், கொட்டகையில் எதிரி. பருத்தி விதை நேர்த்தி செய்த அதே கையோடு, அதே சட்டையோடு காளான் வேலைக்குப் போகும் வழக்கம் நம் வட்டாரத்தில் வரக்கூடியதே. அன்றைக்குக் குளித்து உடை மாற்றிவிட்டு வரவும். முடிந்தால் மறுநாள் செய்யவும்.

காளானிலிருந்து தாய்ப் பூசணம்

தட்டு வேலை கைக்குப் பழகியதும் நல்ல காளானிலிருந்தே பூசணம் எடுத்துப் பார்க்கலாம். கொத்தில் திடமான, இன்னும் முழுதாக விரியாத, தண்ணீர் தெளிக்காத காளானாகப் பறிக்கவும். கத்தியால் வெட்டாமல் காம்பு வழியாக இரண்டாகக் கிழிக்கவும். வெளித்தோலில்தான் அழுக்கு, உட்சதை சுத்தமாக இருக்கும். குடையும் காம்பும் சேரும் இடத்தில் அரிசி அளவு சதையைக் காய்ச்சி ஆறிய ஊசியால் எடுத்துத் தட்டின் நடுவில் வைக்கவும். இரண்டு மூன்று நாளில் அதிலிருந்து பஞ்சு போல் இழை கிளம்பும். ஓரத்தில் வேறு ஏதாவது முளைத்திருந்தாலும் கவலை இல்லை. அதைத் தொடாமல், நல்ல வெள்ளை இழையின் விளிம்பிலிருந்து சிறு துண்டு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றினால் சுத்தமான பூசணம் தனியாகக் கிடைக்கும். ஆனால் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் வீரியம் குறையும். முதல் தட்டிலிருந்து இரண்டு மூன்று பாட்டில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சிப்பிக்காளான் பூசணத்தைக் குளிர்பதனப் பெட்டியில் சில மாதம் வைக்கலாம். வைக்கோல் காளான் பூசணத்தை அப்படி வைத்தால் குளிரில் செத்துவிடும்.

மழைக்குப் பின் மலையடிவாரத்திலும் வரப்பிலும் முளைக்கும் புற்றுக்காளானை இப்படி வளர்க்க முடியுமா என்ற ஆசை பலருக்கும் வரும். அதன் ருசிக்கு ஆசைப்படாதவர் யார்! ஆனால் அது கறையான் கட்டும் பூசணத் தோட்டத்தில் விளைவது. தட்டில் இழை ஓடினாலும், கறையான் இல்லாமல் படுக்கையில் காளானாக எழும்புவதில்லை. பெயர் தெரியாத மற்றக் காட்டுக் காளான்களைத் தட்டில் ஏற்றுவதும் வேண்டாம். விஷக் காளானும் அகாரில் வெள்ளையாகத்தான் வளரும்.

இதைப் படித்துவிட்டு உடனே வித்துக் கடை வைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தட்டிலிருந்து சோளத்துக்கு மாற்றித் தாய் வித்தாக்கவும், அதிலிருந்து படுக்கை வித்தாக்கவும் பெரிய அழுத்தக் கலனும் தனி அறையும் வேண்டும். வித்தை நம்பிக்கையான இடத்தில் வாங்கி, தட்டில் சோதித்துப் போடுவதே பெரும்பாலோருக்குப் போதும். 1940களில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டியதும் கோவைதான். 1998இல் ஏ.பி.கே.2 பால் காளானை வெளியிட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோவையில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வாலிகண்டபுரத்தில் உள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையத்தில் விசாரிக்கலாம். சந்தேகம் உள்ள தட்டை நாடாவைப் பிரிக்காமல் கையோடு கொண்டுபோனால் சொல்வது எளிது.

கெட்டுப்போன தட்டுகளைத் திறந்து குப்பையில் கொட்டக் கூடாது. மூடியபடியே குக்கரில் அரை மணி நேரம் வேக வைத்து, ஆறிய பிறகு திறந்து, கொட்டகைக்குத் தூரமாகக் குழியில் போட்டு மூடவும். கண்ணாடித் தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாம்.