மின்பதிப்பில் குறியீட்டுப் பிழை காணல்

உரையுடன் கூடிய செய்யுள் நூலை மின்பதிப்பாக்குவோர் செய்யுளையும் உரையையும் தனித்தனிக் குறிச்சொற்களால் பிரித்துக் காட்டுவர். செய்யுளின் முடிவுக்குறி விடுபடின், தொடரும் உரையும் செய்யுளுக்குள் அடங்கிவிடும். சொல்லடைவு தொகுக்கும்போது உரையாசிரியர் சொல் புலவர் சொல்லாக எண்ணப்படும். எச்.டி.எம்.எல். பக்கமாயின் உலாவி இப்பிழையைச் சுட்டாமல் தானே இட்டு நிரப்பிக் காட்டிவிடும். 1998-இல் வெளியான எக்ஸ்.எம்.எல். நெறியோ, குறிச்சொற்கள் ஒன்றனுள் ஒன்று முறையாக அடங்காத ஆவணத்தை ஏற்பதில்லை.

உலாவியிலுள்ள 'டாம்பார்சர்' என்னும் கருவியிடம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்வழி எக்ஸ்.எம்.எல். ஆவணத்தை ஒப்படைத்து இதனைச் சோதிக்கலாம். ஆயின், ஒன்று கருதத்தக்கது. பிழை கண்டவிடத்து அக்கருவி நிரலை நிறுத்துவதில்லை. 'பார்சர்எரர்' என்னும் கூறு அடங்கிய ஆவணம் ஒன்றையே திருப்பித் தருகிறது. அக்கூறு உளதா எனத் தேடாத நிரல், பிழைச்செய்தியையே நூற்பாடமாகக் கொள்ள நேரும். எனவே, தேடலும் சோதனையின் பகுதியே ஆதல் வேண்டும்.

இச்சோதனை அமைப்பை மட்டுமே காக்கும். உரைக்குச் செய்யுட்குறியை முறையாக இட்டிருப்பின் பிழையேதும் தோன்றாது. அதனைக் காணப் பதிப்பாசிரியரின் கண்ணே வேண்டும்.