இன்யோவுக்குக் குடிபோகும் முன்

வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு, கலிஃபோர்னியாவின் பெருநகரங்களில் இருக்கும் நம்மவர்கள் சிலருக்கு ஓர் ஆசை எட்டிப் பார்க்கிறது. இந்த வாடகையையும் நெரிசலையும் விட்டுவிட்டு மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் போய் இருந்தால் என்ன? உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்து, இன்யோ கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கண்ணில் பட்டிருந்தால், இது உங்களுக்குத்தான்.

அது எப்படிப்பட்ட இடம்? சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், நெவாடா மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 19,000தான். நகராட்சி என்று இருப்பது பிஷப் ஒன்றே; அதிலும் நாலாயிரம் பேர் தேறமாட்டார்கள். லோன் பைன், பிக் பைன், இண்டிபெண்டன்ஸ் எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக வரும் சின்ன ஊர்கள்.

இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, வீடு மலிவாகக் கிடைக்காதா? கிடைக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். கவுன்டி நிலத்தில் தனியார் கையில் இருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பெரும்பகுதி மத்திய அரசின் காடும் தேசியப் பூங்காவும் பாலையும். ஓவன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய நல்ல நிலத்தில் பெரும்பங்கு லாஸ் ஏஞ்சலஸ் மாநகரின் நீர், மின் துறைக்குச் சொந்தம். அந்த ஆற்று நீரைக் கால்வாய் வெட்டி அந்நகரம் 1913இல் கொண்டுபோனது. தண்ணீர் உரிமைக்காக இங்கிருந்த பண்ணைகளை வாங்கிப்போட்டது, இன்னும் விடவில்லை. சாலையோரப் புல்வெளியில் மாடு மேய்க்கிறவர்கூடப் பெரும்பாலும் குத்தகைக்காரர்தான். ஆகவே ‘ஒரு மனை வாங்கிப் போடலாம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. வாடகை வீடும் சொற்பம். சாவி கைக்கு வராமல் பழைய வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

வீடு கிடைத்தால் எதைப் பார்ப்பது? ஊருக்கு வெளியே என்றால் தண்ணீர் சொந்தக் கிணற்றிலிருந்தா, கழிவுநீர்த் தொட்டி எப்போது சுத்தம் செய்யப்பட்டது, சூடேற்ற எரிவாயுத் தொட்டியை நிரப்ப என்ன செலவாகும் என்று கேளுங்கள். ஜூலைப் பகலில் பிஷப்பில் வெயில் 36 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவில் குழாய்த் தண்ணீர் உறையும். வாங்குவதாக இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே காப்பீட்டு விலை கேட்டுவிடுங்கள். காட்டுத்தீ பயத்தால் கலிஃபோர்னியாவில் பல நிறுவனங்கள் பாலிசி தர மறுக்கின்றன. கடைசிப் புகலாக ‘ஃபேர் பிளான்’ இருக்கிறது. கட்டணம் அதிகம், ஈடு குறைவு.

உடம்புக்கு முடியாமல் போனால்? பிஷப்பிலும் லோன் பைனிலும் சிறிய மருத்துவமனைகள் உண்டு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் போதும். பெரிய இதய சிகிச்சை, புற்றுநோய் என்றால் வெளியூர்தான். பிஷப்பிலிருந்து ரீனோ சுமார் 330 கிலோமீட்டர், லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 430. அவசரம் என்றால் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். உங்கள் காப்பீட்டுத் திட்டம் அதற்குப் பணம் தருமா, இங்குள்ள மருத்துவர்களை ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொடர் சிகிச்சையில் இருக்கும் பெற்றோரை வரவழைத்து வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், என்னைக் கேட்டால், இந்த ஊர் வேண்டாம்.

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் போய்வருவது எப்படி? கோடையில் டியோகா கணவாய் வழியே மலையைக் கடக்கலாம். வழக்கமாக நவம்பர் முதல் மே வரை பனியால் அது மூடிக் கிடக்கும். அப்போது வடக்கிலோ தெற்கிலோ மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். உளுந்தும் இட்லி அரிசியும் பெருநகரம் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மலையும் ஆறும் நம் வாசலில், இஷ்டத்துக்குப் போகலாமா? பெரும்பாலும் ஆம். பிஷப் அருகே பட்டர்மில்க் பாறைகளில் ஏற உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் விட்னி சிகரத்துக்கு (4,421 மீட்டர்) வழக்கமான பாதையில் ஏறக் குலுக்கல் முறையில் அனுமதி. பிப்ரவரியில் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர்க்காரர் என்ற சலுகை கிடையாது. மீன் பிடிக்க 16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் வேண்டும்.

சரி, எதில் தொடங்குவது? எச்-1பி விசாவில் இருந்தால், விசாவிலிருந்து. இன்யோ உங்கள் அலுவலகம் இருக்கும் பெருநகர வட்டாரத்துக்குள் வராது. வீட்டிலிருந்து வேலை என்றாலும் வேலையிடம் மாறியதாகவே சட்டம் கொள்ளும். அங்கிருந்து வேலையைத் தொடங்கும் முன் உங்கள் நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்தாக வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் வீடு தேடும் முன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.