ஊர்வழி ஆங்கிலம் – 17: வரச் சொன்னார்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவில் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமல்ல, ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும்கூட. ஒன்றிய அலுவலகத்துக்கு மனுவோடு போனவர் வீடு திரும்பியதும் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “திங்கக்கெழம வரச் சொன்னாங்க.” “ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொண்டாரச் சொன்னாங்க.” பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பேத்தி, “டீச்சர் ஒங்களக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க அப்பத்தா” என்பாள்.

ஒருவர் இட்ட கட்டளையை, அவர் இல்லாத இடத்தில், இன்னொருவருக்கு எடுத்துச் சொல்கிறாள் அந்தப் பிள்ளை. யாரும் அவளுக்கு இதைக் கற்றுத் தரவில்லை. ஆனால் அவளே பத்தாம் வகுப்பில் ‘இன்டைரக்ட் ஸ்பீச்’ என்ற தலைப்பைக் கண்டதும் மிரண்டுவிடுகிறாள். மேற்கோள் குறியை எடு, ‘செட் டு’வை ‘டோல்டு’ ஆக்கு, ‘டு’ சேர், ‘ப்ளீஸ்’ இருந்தால் நீக்கு, ‘டோன்ட்’ இருந்தால் ‘நாட் டு’ போடு என்று விதிகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறோம். தினமும் செய்கிற வேலைதான் இது என்று அவளிடம் ஒருவரும் சொல்வதில்லை. மதிப்பெண் போவதைவிட இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சென்ற இதழில் செய்தி வாக்கியங்களைப் பார்த்தோம். அங்கே வினைச்சொல்லின் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. கட்டளையில் அந்தத் தொல்லையே இல்லை. ‘நேற்று வரச் சொன்னார்’, ‘இன்று வரச் சொல்கிறார்’, ‘நாளை வரச் சொல்வார்’ என்று சொல்லிப் பாருங்கள். சொல்வதன் காலம் மூன்று முறை மாறுகிறது, ‘வர’ மாறவே இல்லை. ஆங்கிலத்தின் ‘டு கம்’ இதே வேலையைத்தான் செய்கிறது. ‘ஹி டோல்டு மீ டு கம்’, ‘ஹி டெல்ஸ் மீ டு கம்’, ‘ஹி வில் டெல் மீ டு கம்’. முன்னால் இருப்பது எப்படி மாறினாலும் ‘டு கம்’ அசையாது. ‘டோல்டு’ இறந்தகாலமாயிற்றே என்று ‘டு கேம்’ எழுதுகிற பிள்ளையிடம் ‘வந்தச் சொன்னார்’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே திருத்திக்கொள்ளும்.

இன்னும் ஒன்று உண்டு. ‘என்னிடம் சொன்னார்’ என்கிறோம். ஆனால் ஏவும்போது ‘என்னிடம் வரச் சொன்னார்’ என்பதில்லை. அப்படிச் சொன்னால் யாரோ ஒருவரை என்னிடம் வரச் சொன்னதாகப் பொருள் மாறிவிடும். ‘என்னை வரச் சொன்னார்’ என்றுதான் சொல்வோம். ‘இடம்’ போய் ‘ஐ’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதேதான் நடக்கிறது. ‘செட் டு மீ’ என்பதில் இருந்த ‘டு’ விலகி, ‘டோல்டு மீ’ என்று ஆள் நேராக வினையோடு ஒட்டிக்கொள்கிறார். ‘ஹி செட் மீ டு கம்’ ஏன் தவறு, ‘ஹி டோல்டு டு மீ டு கம்’ ஏன் தவறு என்று கேட்கும் மாணவருக்கு இந்த ‘என்னிடம்’, ‘என்னை’ வேறுபாட்டைக் காட்டினால் போதும். நானறிந்த எந்த வழிகாட்டி நூலும் இதைச் சொல்வதில்லை. பி.சி. ரென்னும் ஹெச். மார்ட்டினும் எழுதிய புகழ்பெற்ற இலக்கண நூலை வைத்துப் படித்தவர்கள் நம்மில் பலர். நல்ல நூல்தான். ஆனால் தமிழ்ப் பிள்ளையின் நாக்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது அந்த நூலுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்ல வேண்டியது நம் ஆசிரியர்கள்தான்.

இந்த மாவட்டத்துக்கு இந்த வழி புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் இங்கே அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல் குவாரியில் உழைத்த பெண்கள் உட்பட ஏராளமானோர் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்ததிலிருந்துதான் பாடம் தொடங்கியது. இலக்கணத்துக்கும் அது பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, தமிழ் கைகொடுக்காத இடம் எது? எதிர்மறை. ‘போகாதே’ என்பதைப் ‘போகாமல் இருக்கச் சொன்னார்’ என்று சொல்லலாம்தான். ஆனால் பேச்சில் ‘போக வேண்டாம்னு சொன்னாரு’, ‘போகக் கூடாதுன்னாரு’ என்றுதான் வரும். இங்கே ‘என்று’ நுழைந்துவிடுகிறது. அதனால்தான் பிள்ளைகள் ‘ஹி டோல்டு மீ டு டோன்ட் கோ’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘நாட்’ முதலில் வந்து, பிறகுதான் ‘டு கோ’ வரும்: ‘ஹி டோல்டு மீ நாட் டு கோ’. இதற்குக் குறுக்குவழி இல்லை, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியதுதான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பலர். மேற்பார்வையாளர் இந்தச் சுவிட்சைப் போடாதே என்று சொன்னதை அடுத்த ஷிப்ட்காரரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு வரும். ‘நாட்’ விழுந்துவிட்டால் அங்கே போவது மதிப்பெண் அல்ல.

அடுத்தது, எந்த வினைச்சொல்லைத் தேர்வது என்பது. இந்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதை ஒரு பட்டியலாகப் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தொல்காப்பியர் இதன் ஆழத்தைக் கண்டவர். ஒரு பொருளைக் கேட்க ஈ, தா, கொடு என்று மூன்று சொற்கள் இருப்பதை அவர் எச்சவியலில் எடுத்துக்கொள்கிறார். தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் ‘ஈ’, ஒத்தவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’ என்று வகுக்கிறார். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ‘கிவ்’ ஒன்றுதான். அதை எடுத்துச் சொல்லும்போதுதான் உறவு வெளிப்படும்: ‘பெக்டு’, ‘ஆஸ்க்டு’, ‘ஆர்டர்டு’. கெஞ்சினாரா, கேட்டாரா, உத்தரவிட்டாரா? நேர்ப்பேச்சில் இருந்த குரலும் முகமும் எடுத்துச் சொல்லும்போது காணாமல் போகின்றன. அந்த இழப்பை இந்த ஒரு வினைச்சொல்தான் ஈடுகட்ட வேண்டும். ‘ப்ளீஸ்’ மறைவதும் இதனால்தான். அதன் பணிவை ‘ரிக்வெஸ்டட்’ வாங்கிக்கொள்கிறது.

ஆகவே, எடுத்துச் சொல்கிறவர் ஒரு சாட்சி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில், ‘இடத்தைக் காலி செய்யும்படி கேட்டுக்கொண்டார்’ என்று எழுதுவதற்கும் ‘காலி செய்யச் சொல்லி மிரட்டினார்’ என்று எழுதுவதற்கும் நடுவே ஒரு வழக்கே இருக்கிறது. பிள்ளைகளிடம் வாக்கியத்தை மட்டும் கொடுத்து மாற்றச் சொல்லாதீர்கள். யார் பேசினார், யாரிடம், எந்த நிலையில் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படி எடுத்துச் சொல்வதன் தடம் பழைய கல்வெட்டுகளிலும் உண்டு. குன்றாண்டார்கோவில் மலையடியில் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. நந்திவர்மன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இத்தகைய கல்வெட்டுகளில் உத்தரவும் ஒப்பந்தமும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்த்தான் கல்லுக்கு வந்தன. சோழர் காலத்தில் இதற்கென்றே அலுவலர்கள் இருந்தார்கள். அரசன் வாய்மொழியைக் கேட்பவருக்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர், ஓலையில் எழுதுபவர் வேறு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை வழங்கும்படி முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் தஞ்சை அரண்மனை மண்டபத்தில் அமர்ந்து வாயால் சொன்னான். அது எழுதப்பட்டு, நாட்டாரிடம் போய், அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் செப்பேட்டில் ஏறியது. லெய்டன் செப்பேடு என்று நாம் அறிவது அதைத்தான். அரசன் ‘நான்’ என்று சொன்னதை எழுதுகிறவர் எப்படி எழுதினார், ‘இன்று’ என்பது எந்த நாளாயிற்று என்று இந்தப் பாடத்தின் கேள்விகளை வைத்துக்கொண்டே அதைப் படிக்கலாம்.

‘இன்று’ என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் காலையில் “நாளைக்கு வா” என்றதை மாலையில் சொல்கிறீர்கள் என்றால் நாளை நாளைதான். ‘ஷி டோல்டு மீ டு கம் டுமாரோ’ முழுக்கச் சரி. ‘ஹியர்’, ‘தேர்’ மாற்றமும் அப்படியே, சொல்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

கடைசியாக, ‘லெட் அஸ் கோ’. இதைக் கட்டளை என்று எண்ணி ‘ஹி டோல்டு அஸ் டு கோ’ என்று எழுதுவோர் உண்டு. தமிழில் சொல்லிப் பாருங்கள். “போகலாம்” என்று நண்பன் கூப்பிட்டதை ‘போகச் சொன்னான்’ என்று சொல்வோமா? ‘போகலாம் என்றான்’ என்போம். ‘போகச் சொன்னான்’ தமிழிலேயே பொருந்தாத இந்த இடத்தில் ஆங்கிலத்திலும் ‘டு’ வராது: ‘ஹி சஜஸ்டட் தட் வீ ஷுட் கோ’. நம்மிடையே பரவலாக இருக்கும் ‘சஜஸ்டட் மீ டு கோ’ என்ற வழக்கையும் இதோடு விட்டுவிடலாம்.

‘வருவாயா என்று கேட்டார்’ என்பது போன்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம். அதுவரை, வீட்டுப் பிள்ளை ‘சொன்னாங்க’ என்று முடிக்கும் வாக்கியங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

(தொடரும்)