பசி தீர்த்த கை, விஷம் தூவிய கை!

காற்றில் இருந்து உரம் எடுத்து, உலகத்துக்குச் சோறு போட்டார் ஒரு விஞ்ஞானி. அதே விஞ்ஞானி, காற்றில் விஷத்தைக் கலந்து மனிதர்களைக் கொல்லவும் வழி காட்டினார்.

அவர் பெயர் பிரிட்ஸ் ஹேபர். ஜெர்மனி நாட்டுக்காரர். 1868-ம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

அவரைக் கையெடுத்துக் கும்பிடுவதா? தூற்றுவதா? அவர் இறந்து 90 ஆண்டுகள் கடந்த பிறகும் இந்த வழக்கு தீரவில்லை.

காற்றில் இருந்து உரம்

பயிர் வளர நைட்ரஜன் சத்து வேண்டும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். ஆனால், பெரும்பாலான பயிர்களால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய நாடுகள், தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் இருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக வாங்கி வயலில் போட்டன. அது தீர்ந்தால் கோதுமைப் பஞ்சம் வரும் என்று 1898-ல் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

ஹேபர் வழி கண்டார். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் சூட்டில், மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து, 1909-ல் அமோனியா தயாரித்துக் காட்டினார். கார்ல் போஷ் என்ற நிபுணர் அதைப் பெரிய தொழிலாக்கினார். 1913-ல் ஜெர்மனியில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது.

நம் வயல்களில் போடும் யூரியாவும் அமோனியாவில் இருந்து வருவதுதான். இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு, இப்படிச் செய்த உரத்தை நம்பி விளைகிறது.

ஊர்ந்து வந்த புகை

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. குளோரின் என்ற விஷவாயுவை எதிரிகள் மீது விடலாம் என்று ராணுவத்துக்கு வழி சொன்னார், ஹேபர். போர்முனைக்கே சென்று ஏற்பாடுகளைக் கவனித்தார்.

1915-ம் ஆண்டு ஏப்ரல் 22. பெல்ஜியம் நாட்டில் இப்ரே என்ற ஊர். மாலை நேரம். காற்று எதிரிகள் பக்கம் வீசியது. 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு உருளைகள் திறக்கப்பட்டன.

பச்சையும் மஞ்சளும் கலந்த புகை தரையோடு ஊர்ந்தது. பதுங்கு குழிகளுக்குள் இறங்கியது. உள்ளே இருந்த பிரெஞ்சுப் படையினர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். மற்றவர்கள் அலறி ஓடினார்கள்.

மனைவியின் முடிவு

ஹேபரின் மனைவி கிளாராவும் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். மே 2-ந் தேதி, கணவரின் துப்பாக்கியாலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

விஷவாயுதான் காரணம் என்று பலர் சொல்வது உண்டு. ஆனால், அதைச் சொல்லும் கடிதம் எதுவும் இன்று இல்லை. மண வாழ்விலும் அவருக்கு வேதனை இருந்தது. ஆகவே, இதை விஷவாயுவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

ஹேபரின் வாதம்

எந்த ஆயுதத்தால் செத்தாலும் சாவு சாவுதான். விஷவாயுவால் போர் சீக்கிரம் முடியும் என்று வாதாடினார், ஹேபர். போர் முடியவில்லை. இன்னும் மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. இங்கிலாந்தும் பிரான்சும் விஷவாயுவைக் கையில் எடுத்தன. அந்த நாட்டு விஞ்ஞானிகளும் அதற்காக உழைத்தார்கள். பழி ஹேபருக்கு மட்டும் உரியது அல்ல.

"அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்துக் கண்ணாலேயே பார்ப்போம்.

விஷ ஆயுதம் கூடாது என்று 1907-லேயே ஹேக் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. ஜெர்மனியும் கையெழுத்துப் போட்டது. ஹேபருக்கு 1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆட்சேபித்தார்கள். ஹேபர் காலத்தவர்களுக்கே அது தவறு என்று தெரிந்திருந்தது.

நாடே துரத்தியது

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த யூதர்களை நீக்க உத்தரவு வந்தது. ஹேபர் அதற்கு உடன்படாமல் ராஜினாமா செய்தார். எந்த நாட்டுக்காக அந்தப் பழியைச் சுமந்தாரோ, அந்த நாட்டை விட்டே வெளியேறினார். 1934 ஜனவரியில், சுவிட்சர்லாந்தில் பேசல் நகரில் இறந்தார்.

உரம் தந்த புண்ணியத்தில் விஷவாயுவின் பாவத்தைக் கழித்து மீதி பார்க்க, இது கடைக் கணக்கு அல்ல. சோற்றுக்கு அவரை நினைக்கலாம். இப்ரேயில் மூச்சு முட்டிச் செத்தவர்களையும் மறக்கக்கூடாது.